காலி சைட்டுக் கீச்சான்

ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ ஒரு நாள் விடிகிற நேரத்தில், பெங்களூரின் ஓரப் பகுதிகளில் கரகரவென்று ஒரு சத்தம் கேட்க ஆரம்பிக்கும். மூச்சுவிடாமல், யாரையோ அதட்டி விரட்டுகிற குரல். முந்தின நாள் வரை அங்கே அது இல்லை. அந்தக் குரல் கேட்டுவிட்டால் பழுப்புக் கீச்சான் வந்து இறங்கிவிட்டது என்று அர்த்தம். சைபீரியா, மங்கோலியா, வடகிழக்குச் சீனா பக்கமெல்லாம் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து முடித்துவிட்டு இங்கே வருகிற பறவை இது. பைக்கால் ஏரியிலிருந்து நேர்கோடு போட்டாலே பெங்களூர் கிட்டத்தட்ட 5,000 கிலோமீட்டர். அவ்வளவு தூரத்தை 30 கிராமுக்குக் கொஞ்சம் மேலே எடையுள்ள ஒரு உடம்பு கடந்து வந்து, ராமமூர்த்தி நகரில் ஒரு காலி சைட்டின் முள்கம்பியில் உட்கார்ந்து, இந்த இடம் என்னுடையது என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்கிறது.

பறவை பார்க்கப் போகிறேன் என்று இந்த ஊரில் யாரிடம் சொன்னாலும் அடுத்த கேள்வி "எந்த ஏரி?" என்பதுதான். எனக்கும் ஏரி பிடிக்கும். கூழைக்கடா கூட்டமாக இறங்குவதைப் பார்த்தால் நானும் நின்றுவிடுவேன். ஆனால் இந்த நகரத்தில் என் மனசைப் பிடித்து வைத்திருப்பது கீச்சான். அதற்கு ஏரி வேண்டாம், பூங்கா வேண்டாம், நிழல் தரும் பெரிய மரம்கூட வேண்டாம். நாம் "சும்மா கிடக்குது" என்று சொல்கிற நிலம் போதும். இடையிடையே மண் தெரிகிற குட்டைப் புல், நாலு முள்செடி, உட்கார்ந்து நோட்டம் விட ஒரு குச்சியோ கம்பியோ. பெங்களூரில் மிக வேகமாகக் காணாமல் போகிற நிலமும் அதுதான். மரம் வெட்டினால் கேட்க ஆள் இருக்கிறது, ஏரியை மூடினால் வழக்குப் போட ஆள் இருக்கிறது. புதரை ஜேசிபி வைத்து வழித்தால் "அப்பாடா, சுத்தமாச்சு" என்கிறார்கள். இதைத்தான் நான் சொல்ல வந்தேன். அதற்கு முன்னால் இந்தப் பறவையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்துவிடலாம்.

மைனாவை விடச் சின்னது, சிட்டுக்குருவியை விடப் பெரியது. அலகிலிருந்து வால் வரை 18, 19 சென்டிமீட்டர். முதுகு பழுப்பு, வால் கொஞ்சம் செம்பழுப்பு, வயிற்றுப் பக்கம் மங்கலான வெண்மை. கண்ணை ஊடுருவி ஒரு கறுப்புப் பட்டை ஓடும், அதன் மேல் வெள்ளைப் புருவம். உடம்புக்குத் தலை கொஞ்சம் பெரிது. அலகு நுனியில் கொக்கி. கம்பியில் நிமிர்ந்து உட்காரும்போது வாலை மெதுவாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சுழற்றும். இந்த வால் சுழற்றலை ஒரு தரம் பார்த்துப் பழகிவிட்டால் பைனாகுலர் இல்லாமலேயே தூரத்திலிருந்து கண்டுபிடித்துவிடலாம்.

கல்கெரே ஏரிப் பக்கம் மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில் அது வேட்டையாடியதை ரொம்பக் கிட்டத்தில் பார்த்தேன். கம்பியில் அசையாமல் இருந்தது. தலையை மட்டும் ஒரு பக்கம் சாய்த்தது. நான் அதே இடத்தைப் பார்த்தும் ஈர மண்ணைத் தவிர எதுவும் தெரியவில்லை. சட்டென்று கீழே விழுந்த மாதிரி இறங்கி, மண்ணிலிருந்து எதையோ இழுத்துக்கொண்டு மறுபடி கம்பிக்கே வந்தது. பிள்ளைப்பூச்சி! நல்ல கொழுத்த பிள்ளைப்பூச்சி, மண் வெட்டுகிற அந்த அகலமான முன்கால்கள் காற்றில் துழாவிக்கொண்டிருந்தன. கீச்சான் அதைக் கம்பியில் இடப்பக்கம் ஒரு அடி, வலப்பக்கம் ஒரு அடி. முன்கால் ஒன்று கழன்று விழுந்தது. தலையை முதலில் கிள்ளி, மீதியைத் துண்டு துண்டாக விழுங்கி, அலகைக் கம்பியில் இரண்டு பக்கமும் தேய்த்துத் துடைத்துக்கொண்டு, அடுத்த நிமிஷமே மறுபடி தரையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டது. பூச்சியின் ஓடு, கால் மாதிரி செரிக்காத பாகங்களை ஆந்தையைப் போலவே உருண்டையாகத் திரட்டி அப்புறம் கக்கிவிடும்.

இதே கம்பிகளில்தான் கரிச்சானும் உட்காரும். இரண்டும் ஒரே வேலையைச் செய்வதாகத் தோன்றும். கரிச்சான் பெரும்பாலும் பறக்கிற பூச்சியை அந்தரத்திலேயே பிடிக்கும். கீச்சானுக்குத் தரைதான் சாப்பாட்டு மேசை. வெட்டுக்கிளி, வண்டு, கம்பளிப்பூச்சி, பட்டாம்பூச்சி, சின்ன ஓணான், சில சமயம் சுண்டெலி, அபூர்வமாகத் தன்னை விடச் சின்னக் குருவி. வெள்ளைக்கண்ணி அளவுள்ள குருவியைக்கூட பழுப்புக் கீச்சான் பிடித்துச் சேமித்து வைத்தது பதிவாகியிருக்கிறது.

இங்கேதான் எனக்கு இதன் மேல் வியப்பு வருகிறது. கீச்சான் வல்லூறு இல்லை. பாடும் பறவைகளின் பெருங்குடும்பத்தைச் சேர்ந்தது, காகத்துக்கு நெருங்கிய சொந்தம். வல்லூறுக்கும் வைரிக்கும் இரையை நெரித்துப் பிடிக்கிற வலுவான கால் இருக்கிறது, கிழிக்கிற வளைநகம் இருக்கிறது. கீச்சானின் கால் கிளையில் உட்காருவதற்காக அமைந்த சாதாரணக் கால். இரையை அழுத்திப் பிடித்துக் கிழிக்கிற பலம் அதில் இல்லை. அப்படியிருந்தும் வேட்டையாடியே பிழைக்கிறது. எப்படி என்றால், கால் செய்ய வேண்டிய வேலையை அலகும் முள்ளும் பங்கு போட்டுக்கொள்கின்றன.

மேல் அலகின் ஓரத்தில், கொக்கிக்குச் சற்றுப் பின்னால், பல் மாதிரி ஒரு சின்ன முனை உண்டு. வல்லூறுகளுக்கும் இதே அமைப்பு இருக்கிறது. இரண்டும் உறவில்லை, செய்கிற வேலை ஒன்று என்பதால் கருவியும் ஒன்றாகிவிட்டது. எலி, ஓணான் மாதிரி முதுகெலும்புள்ள இரை என்றால் கீச்சான் பிடரியைக் கவ்வும். அந்தப் பல் கழுத்தெலும்புகளுக்கு இடையே போகும். அப்புறம் உதறல். அமெரிக்காவில் வாழும் லாகர்ஹெட் கீச்சான் எலியைக் கொல்வதை அதிவேகக் காமிராவில் படம் பிடித்து அளந்த ஆய்வு 2018 இல் வெளிவந்தது. நொடிக்கு 11 தடவை என்ற வேகத்தில் இரையைச் சுழற்றி உதறுகிறது, அந்த உடம்பின் மேல் புவியீர்ப்பைப் போல 6 மடங்கு விசை இறங்குகிறது என்று கணக்கிட்டார்கள். பின்னால் வந்த கார் மோதினால் கழுத்து வெட்டி இழுக்குமே, அந்த ரகம். எலியின் எடைகூட அதன் கழுத்துக்கு எதிராகவே வேலை செய்கிறது. தன்னைப் போல் எடையுள்ள பிராணியைச் சின்ன உடம்புள்ள பறவை வெல்வது இப்படித்தான்.

கொன்றாகிவிட்டது. இனி கிழிக்க வேண்டுமே, யார் பிடித்துக்கொள்வது? முள். கருவேலம், வேலிக்காத்தான், இலந்தை, காரை, எது கிடைத்தாலும் சரி, இரையைக் கொண்டுபோய் முள்ளில் குத்தி மாட்டிவிடும். முள் கிடைக்காவிட்டால் கிளை பிரிகிற கவையில் செருகும். மனிதன் முள்கம்பி கட்டின நாளிலிருந்து அதையும் எடுத்துக்கொண்டது. மாட்டியபின் அலகால் இழுத்துக் கிழித்துச் சாப்பிடும். மிச்சம் இருந்தால் அங்கேயே விட்டுவைக்கும்.

இதை நான் நன்றாகப் பார்த்தது பெங்களூருக்கு வெளியே இருக்கிற ஹெசரகட்டா புல்வெளியில். அங்கே வருஷம் முழுக்க இருக்கிற உள்ளூர்க் கீச்சான்கள் உண்டு. கருஞ்சிவப்பு முதுகும் சாம்பல் உச்சந்தலையும் கொண்ட சின்னக் கீச்சான் ஒன்று, நீள வால் கீச்சான் ஒன்று. அந்தச் சின்னது உட்கார்ந்து எழுந்துபோன முள்செடியில், என் இடுப்பு உயரத்தில், ஒரு வெட்டுக்கிளி இருந்தது. முள் நெஞ்சின் வழியாக ஏறி முதுகுப் பக்கம் நுனி காட்டியது. கண்கள் பச்சை மாறாமல் இருந்தன, பின்னங்கால் ஒன்று இல்லை. உணர்கொம்புகள் காற்றுக்கு ஆடின. அதற்கு ஒரு சாண் தள்ளி, காய்ந்து கறுத்துப்போன ஒரு அரணையின் வால் பகுதி மட்டும். நான் தொடவில்லை. கொஞ்சம் தள்ளிப்போய் நின்றதும் பறவை திரும்ப வந்துவிட்டது.

இந்தப் போட்டோவை எங்கள் தெருவில் வீடு கட்டிக்கொண்டிருந்த மேஸ்திரி அண்ணனிடம் காட்டினேன். கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர்.

"இதுவா? சின்ன வயசுல ஆடு ஓட்டிட்டுப் போறப்ப நெறைய பாத்திருக்கேன்மா. முள்ளுல வரிசையா தொங்கும்."

"எடுத்துப் பாப்பீங்களாண்ணா?"

"சேச்சே. எங்க ஆத்தா திட்டும். அது கஷ்டப்பட்டுச் சேத்து வெச்ச சோறு, அதுல கை வெச்சா நம்ம சோத்துல மண்ணு விழும்னு சொல்லும்."

என் அம்மா அதே படத்தைப் பார்த்துவிட்டு "ஐயோ பாவம், இப்படியா குத்தி வைக்கும்?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மாவின் பாவத்தையும் நான் புரிந்துகொள்கிறேன். ஆனால் இந்தப் பறவையைப் பற்றி எழுதுகிறவர்கள் கொடூரம், குரூரம் என்றே ஆரம்பிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பெரும்பாலும் செத்த இரையைத்தான் முள்ளில் மாட்டுகிறது. அது வதைப்பதற்காகச் செய்வதில்லை, சாப்பிடுவதற்காகச் செய்கிறது. மேஸ்திரியின் ஆத்தாதான் சரியாகப் பார்த்திருக்கிறார். அது சேமித்து வைத்த சோறுதான்.

அந்தச் சேமிப்பில் இருக்கிற சூட்சுமத்தைக் கேளுங்கள். அமெரிக்கத் தென்பகுதியில் லப்பர் என்று ஒரு பெரிய வெட்டுக்கிளி இருக்கிறது. உடம்பெல்லாம் விஷம், அதை உடனே தின்கிற பறவை வாந்தி எடுக்கும். லாகர்ஹெட் கீச்சான் அதைப் பிடித்து முள்ளில் மாட்டி ஒன்றிரண்டு நாள் அப்படியே விட்டுவிடும். விஷம் வீரியம் இழந்தபின் வந்து சாப்பிடும். 1992 இல் வெளிவந்த ஆய்வு இது. இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் சாம்பல் கீச்சான்களை வைத்துச் செய்த இன்னொரு ஆய்வு 1989 இல் வந்தது. அங்கே ஆண் பறவை கூடுகட்டும் காலத்துக்கு முன்னால் தன் எல்லைக்குள் இருக்கிற முட்களில் இரையைக் குத்திக் குத்தி வைக்கும். ஆய்வாளர்கள் சில ஆண்களின் சேமிப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள், சிலருடையதில் கூடுதலாகச் சேர்த்தார்கள். சேமிப்பு நிறைந்த ஆண்களோடு பெண் பறவைகள் சீக்கிரம் ஜோடி சேர்ந்தன, குஞ்சுகளும் அதிகம் பிழைத்தன. எடுக்கப்பட்டவை தனித்து நின்றன. முள்செடி அங்கே வெறும் சாப்பாட்டு மேசை இல்லை. இவன் குடும்பத்தைக் காப்பாற்றுவானா என்று பெண் பார்த்துத் தெரிந்துகொள்கிற இடம்.

அந்தக் கறுப்பு முகப்பட்டை எதற்கு என்பதற்கும் ஒரு பதில் கிடைத்திருக்கிறது. பட்டையின் மேல் வெள்ளைச் சாயம் பூசிப் பார்த்த சோதனை ஒன்று உண்டு, இதுவும் இஸ்ரேலில்தான், வேறொரு கீச்சான் இனத்தில். சாயம் பூசிய பறவைகளுக்குச் சூரியனைப் பார்த்தபடி வேட்டையாட முடியவில்லை. வெயிலுக்கு முதுகு காட்டி உட்கார ஆரம்பித்தன, பிடித்த இரையும் குறைந்தது. கண் கூச்சத்தைக் குறைக்கத்தான் அந்த மை. எதிர்வெயிலில் பறக்கும்போது தன் நிழல் இரைக்கு முன்னால் போய் விழாது என்பதால், சூரியனைப் பார்த்து வேட்டையாடுவதில் லாபம் இருக்கிறது. காலை ஏழரை மணி வெயிலில் கிழக்கு நோக்கி உட்கார்ந்திருக்கிற கீச்சானைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

சரி, பழுப்புக் கீச்சானுக்கு வருவோம். பெங்களூருக்கு வந்து இறங்கிய முதல் சில வாரங்கள் ஒரே சண்டை. குளிர்காலத்துக்கு ஒவ்வொரு பறவையும் தனக்கென்று ஒரு எல்லை பிடித்துக்கொள்ளும். ஜோடி கிடையாது, கூட்டம் கிடையாது. ஆணோ பெண்ணோ, தனி ஆள், தனி இடம். அதற்காகத்தான் விடியற்காலையில் அந்தக் கத்தல். எல்லைகள் முடிவாகிவிட்டால் பகலில் அமைதியாகிவிடும், இருட்டுகிற நேரத்தில் இரண்டு மூன்று தடவை குரல் கொடுத்துவிட்டுப் புதருக்குள் போய்விடும். அடுத்த வருஷமும் அதே பறவை அதே இடத்துக்குத் திரும்பி வருவது காலில் வளையம் இட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரிந்த விஷயம். ஊர் என்றால் பொத்தாம்பொதுவாக ஊர் இல்லை. அதே புதர், அதே வேலி.

இளம் பறவையை முதல் வருஷத்தில் அடையாளம் காணலாம். மார்பிலும் விலாவிலும் பிறை பிறையாகக் கறுப்புக் கோடுகள் இருக்கும், முகப்பட்டை முழுதாகக் கறுத்திருக்காது. சைபீரியக் கோடையில் முட்டையிலிருந்து வந்து மூன்று மாதம்கூட ஆகியிருக்காது. இங்கே வந்து, இடம் பிடித்து, எங்கள் தெரு வெட்டுக்கிளிகளைத் தின்று வளர்ந்து, இறகு மாற்றிக்கொண்டு, ஏப்ரலில் புது உடையோடு வடக்கே புறப்படும். செப்டம்பரிலிருந்து ஏப்ரல் வரை என்றால் 8 மாதம். அங்கே கூடுகட்டும் காலம் இரண்டு மூன்று மாதம், மீதியெல்லாம் வழிப்பயணம். அதனால் இதை விருந்தாளி என்று எழுதுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. வாழ்நாளில் மூன்றில் இரண்டு பங்கை இங்கே கழிக்கிற உயிர், இந்த மண்ணில் இருக்கிற பூச்சியை நம்பித்தான் இருக்கிறது. இங்கே பூச்சிமருந்து அடித்தால் பாதிப்பு அங்கே போய்ச் சேரும்.

புறப்படுவதற்கு முன்னால் அது பாடும். எட்டு மாதம் அதட்டிக்கொண்டே இருந்த பறவையா இது என்று இருக்கும். மார்ச் கடைசி வெயிலில், புங்கமரத்து நிழலில், தாழ்ந்த கிளையில் உட்கார்ந்திருந்தது. அலகு மூடியே இருந்தது. தொண்டை மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. கிட்டே போய் நின்றால்தான் காதில் விழுகிற அளவுக்கு மெல்லிய குரல், இடைவிடாமல், பத்து நிமிஷத்துக்கு மேல் ஓடியது. சீட்டி, கிறீச்சல், சின்னச் சின்னக் குழைவு எல்லாம் கலந்து வந்தது. கீச்சான்கள் மற்ற பறவைகளின் குரலை எடுத்துப் பாடுவதில் கெட்டிக்காரர்கள். நீள வால் கீச்சான் ஆள்காட்டியின் குரல், அணில் சத்தம், நாய்க்குட்டி கத்துவது வரை எடுத்துவிடும். பழுப்புக் கீச்சானின் குளிர்காலப் பாட்டு சூறைக்குருவியின் குரலை ஒத்திருப்பதாகப் பதிவு உண்டு. பக்கத்தில் போரிங் லாரி நின்றதால் அன்றைக்கு எனக்கு முழுதாகக் கேட்கக் கிடைக்கவில்லை. ஆனாலும் அந்தத் தொண்டைத் துடிப்பை அவ்வளவு கிட்டத்தில் பார்க்கக் கிடைத்ததை ஒரு பெரிய கொடுப்பினையாக நினைக்கிறேன்.

இந்தப் பறவைக்கு மனிதனால் வந்த கஷ்டங்களில் வெளிப்படையானது கண்ணி. தைவானின் தென்கோடியில் ஹெங்சுன் தீபகற்பம் வழியாகச் செப்டம்பரில் பழுப்புக் கீச்சான்கள் தெற்கே போகும். அங்கே மூங்கில் கண்ணி வைத்து, உட்கார வருகிற பறவையின் காலைச் சிக்கவைத்துப் பிடித்து, சுட்டு, சாலையோரத்தில் விற்றார்கள். உயரமான இடத்தில் உட்கார்ந்து பார்க்கும் பழக்கத்தையே அதற்கு எதிராகத் திருப்பினார்கள். 1984 இல் கென்டிங் தேசியப் பூங்கா வந்தபின், கண்காணிப்பும் பிரசாரமுமாகச் சேர்ந்து அந்த வியாபாரம் பெரிதும் அடங்கியது. கண்ணி கண்ணுக்குத் தெரியும், அதனால் தடுக்கவும் முடிந்தது.

நிலம் மாறுவது அப்படித் தெரிவதில்லை. இங்கிலாந்தில் ஒரு காலத்தில் வேலியோரங்களில் சாதாரணமாகக் கூடுகட்டிய செம்முதுகுக் கீச்சான், 1980களின் முடிவில் அங்கே கூடுகட்டும் பறவையாக அநேகமாக இல்லாமலே போனது. நம் நாட்டில் 2023 இல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கையைப் பாருங்கள். சுமார் 30,000 பறவை ஆர்வலர்கள் பதிவு செய்ததை வைத்து 942 இனங்களை அலசிய அறிக்கை அது. அதில் சாம்பல் கீச்சானின் எண்ணிக்கை நீண்டகால அளவில் 80 சதவீதத்துக்கும் மேல் சரிந்திருக்கிறது. குஜராத், ராஜஸ்தான், தக்காணத்தின் வறண்ட முள்காடுகளும் புல்வெளிகளும்தான் அதன் வீடு. எந்த வரைபடத்தில் பார்த்தாலும் அந்த நிலத்துக்குத் தரிசு என்றுதான் பெயர் போட்டிருக்கும். தரிசு என்றால் சூரியத் தகடு வைக்கலாம், ரோடு போடலாம், அல்லது நல்ல மனசோடு மரம் நடலாம்.

மரம் நடுவதைப் பற்றித்தான் எனக்கு உண்மையான மனக்குறை. புல்வெளியில் நெருக்கமாக மரக்கன்று நட்டால் கீச்சானுக்கு அந்த நிலம் முடிந்தது. தரை தெரியாது, பார்வை எட்டாது, புல்லில் வாழ்கிற வெட்டுக்கிளி இருக்காது. ஹெசரகட்டா புல்வெளியைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக்கக் கேட்டுப் பல வருஷம் போராட வேண்டியிருந்ததற்கும் இந்த மனப்பழக்கம் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். 2024 இல்தான் மாநில வனவிலங்கு வாரியம் அதற்கு ஒப்புதல் கொடுத்தது. காடாக இருந்தால் இவ்வளவு வாதாட வேண்டியிருந்திருக்காது.

எங்கள் லேஅவுட்டிலும் இந்தப் பேச்சு வந்தது. காலி சைட்டுகளில் பாம்பு வருகிறது, சுத்தம் பண்ண வேண்டும் என்றார்கள். பயம் நியாயமானது, குழந்தைகள் விளையாடுகிற தெரு. நான் கேட்டது இவ்வளவுதான்: தெருப் பக்கம் பத்தடி வழித்துவிடுங்கள், குப்பை கொட்டாமல் பார்த்துக்கொள்வோம், பின்பக்க வேலியோரத்து இலந்தையையும் உண்ணிச்செடியையும் விட்டுவிடுங்கள். பாம்பு எலிக்காக வருகிறது, எலி குப்பைக்காக வருகிறது. ஒரு சைட்டின் சொந்தக்காரர் ஒத்துக்கொண்டார். வேலூரில் இருந்துகொண்டு போனிலேயே "கட்டற வரைக்கும் இருந்துட்டுப் போகட்டும்மா" என்றார். இன்னொருவர் ஜேசிபியை அனுப்பிவிட்டார். அங்கே இப்போது சிவப்பு மண்ணும் போர்டும் இருக்கின்றன.

கட்டுகிற வரைக்கும் என்பது எவ்வளவு நாள் என்று எனக்கும் அவருக்கும் தெரியும். அதனால் இப்போதைக்கு நான் செய்வது கணக்கு எழுதி வைப்பது. ஜனவரியில் பொங்கலை ஒட்டி நாலு நாள் தமிழ்நாட்டில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும். 15 நிமிஷம் ஒரு இடத்தில் நின்று பார்த்ததை இ-பேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்றினால் போதும். பெங்களூரிலிருந்து பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் நிறையப் பேர் இதைப் படிக்கிறீர்கள். தர்மபுரியோ திருப்பத்தூரோ ஆம்பூரோ, உங்கள் ஊர்க் கொல்லை மேட்டில், வேலிக்காத்தான் ஓரத்தில், மின்கம்பியில் பாருங்கள். கண்ணில் மை தீட்டி, வாலைச் சுழற்றிக்கொண்டு ஒன்று இருக்கும். அது ஒற்றையாகத்தான் இருக்கும், அதனால் எண்ணிக்கைக் கட்டத்தில் 1 என்றே போடுங்கள். இடத்தின் பெயரைச் சரியாகக் குறியுங்கள், கிணற்று மேடு, சுடுகாட்டுப் பாதை என்று எது இருக்கிறதோ அதை. அடுத்த பொங்கலுக்கும் அதே இடத்தில் போய் நின்று பார்க்க அது உதவும்.